எட்டாவது படம்

ஹாரன் அலறிய அலறலில் பேச்சாயியின் கை நழுவியது. போர்டில் ‘பூட்டு’ என்ற சொல்லின் வால் அரை முழத்துக்கு நீண்டுவிட்டது.

“எவன்டா அவன்!” என்று தூரிகையோடு வாசலுக்கு வந்தவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஜமீன் பங்களாவின் கறுப்புக் கார். ஜமீன் ஒழிந்து ஏழெட்டு வருடமாகியும் அதன் ஹாரன் இன்னும் வரி கேட்பது போலத்தான் கத்தும்.

டிரைவர் அப்பாஸ் கதவைத் திறக்க, ராணியம்மா ஜக்கம்மாள் இறங்கினாள். திண்டுக்கல் கடைத்தெருவில் அவள் கால் பட்டு எத்தனை வருடமாயிற்றோ!

“படம் முடிஞ்சதா?”

“முடிஞ்சதுங்க, ராணியம்மா.”

மகன் கதிர்வேல்சாமியின் படம். அந்தக் குடும்பத்து மாப்பிள்ளைகள் பெண் பார்க்கப் போவதில்லை. படம்தான் போகும். பெண் தன் கையால் அதைச் சுவரில் மாட்டினால் சம்மதம். சுவரோரம் சாய்த்து வைத்தால், மறுநாள் கார் போய்த் திருப்பி எடுத்து வந்துவிடும். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இதையெல்லாம் முதல் நாளே பேச்சாயிக்குச் சொன்னவன் கதிர்வேல்சாமிதான். இந்தப் படம் பெரியகுளம் பக்கம் போகப் போகிறது என்றும் சொன்னான்.

பத்து நாள் வந்து உட்கார்ந்தால் போதும். நாலு மாதம் வந்தான்.

ஒரு தரம் மீசையை மழித்துக்கொண்டு வந்து நின்றான். “கை தவறி மழிச்சிட்டாங்க. மொதல்லருந்து ஆரம்பிக்கலாமா?” என்றான். முகத்தில் துளி வருத்தமில்லை.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அவன் இடது காதை மூன்று தரம் அழித்து எழுதினாள். அந்தக் காதில் ஒரு குறையும் கிடையாது.

போன வெள்ளிக்கிழமைதான் எல்லாம் கெட்டது.

“என்னைக் கட்டிக்கிட்டு பங்களாவுக்கு வந்துடு, பேச்சாயி” என்று கேட்டுவிட்டான்.

சாணார்பட்டியிலிருந்து தனியாக வந்து, சினிமாக் கொட்டகைக்கு விளம்பரத் தட்டி எழுதி, தன் பேரில் கடை போட்டவள் அவள். நெஞ்சு சரி என்றது. வாய் வேறு சொன்னது.

“ஒங்க பங்களாச் சுவத்துல ஏழு ராணியம்மா படம் தொங்குது. ஒருத்தர் கையிலயாச்சும் ஒரு வேலை இருக்கா? எட்டாவதா நான் வந்து தொங்க மாட்டேன்.”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான். ஒரு வாரமாக ஆளைக் காணோம்.

படத்தின் கண்களை அவன் இல்லாமல்தான் எழுதி முடித்தாள். பார்த்து எழுத வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஜக்கம்மாள் படத்தின் முன் நின்றாள். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்த கண், வலது மூலையில் நின்றது. சிவப்பில் சின்னதாக ஒரு கையெழுத்து: பேச்சாயி.

“இதை அழிச்சிடு.”

“மாட்டேங்க.”

“ஏம்புள்ள, யார்கிட்டப் பேசுறேன்னு தெரியுதா?”

“தெரியுதுங்க. வேணும்னா மொத்தப் படத்தையும் அழிச்சுத் தாரேன். பேரை மட்டும் அழிக்க மாட்டேன்.”

படம் போனால் அவனைப் பார்க்க மிச்சமிருக்கும் ஒரே வழியும் போகும்.

ஜக்கம்மாள் பெருமூச்சு விட்டுப் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

“ஐயோ, அதுல பெயிண்ட்டு...”

பட்டுப் புடவையில் பூட்டுக்கடை நீலம் பளிச்சென்று ஒட்டிக்கொண்டது. ஜக்கம்மாள் அதைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்படக்கூடத் தெம்பில்லாதவள் போல் கையை உதறினாள்.

“‘அவ பேரை அழிக்க மாட்டா’ன்னு அவனும்தான் சொன்னான். கேட்டுப் பாக்கலாமேன்னு கேட்டேன்.”

பேச்சாயி விழித்தாள்.

“ஒரு வாரமா ஒரே பேச்சு. படம் திண்டுக்கல்லை விட்டுப் போகக் கூடாதாம். கடைப் போர்டை ஒருத்தரும் கழட்டக் கூடாதாம். கல்யாணமானாலும் தெனம் காலையில அவனே கார் ஓட்டிக் கொண்டாந்து ஒன்னைக் கடையில எறக்கி விடுவானாம்.”

“அப்ப என் வேலை?” என்றான் வாசலில் நின்ற அப்பாஸ்.

“நீ சும்மா இருப்பா. நானும் கத்திப் பாத்தேன். பட்டினி கெடந்தும் பாத்தேன். மத்தியானத்துக்கு மேல முடியல.”

ஜக்கம்மாள் எழுந்து படத்தைப் பார்த்தாள். குரல் ஒரு படி இறங்கியது.

“இம்புட்டு நாள்ல இந்தப் பய மூஞ்சியை இவ்வளவு நல்லா நான்கூடப் பாத்ததில்ல. சரி, இந்தப் படம் போற வீடு இதுதான். மாட்டுறியா, சாத்தி வைக்கிறியா? சாத்தி வச்சா நாளைக்கு அப்பாஸ் வந்து எடுத்துக்குவான். நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.”

பேச்சாயி கையை மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்தாள். படத்தை இரண்டு கையாலும் தூக்கினாள்.

ஜக்கம்மாள் சுற்றிலும் பார்த்தாள். கடையின் மூன்று சுவரிலும் உள்ளங்கை வைக்க இடமில்லை. விளம்பரத் தட்டி, மாதிரி எழுத்து, சாமி படம். நட்டநடுச் சுவரில் மட்டும் ஓர் ஆள் உயரத்துக்கு வெறும் சுண்ணாம்பு. அதன் உச்சியில் ஒற்றை ஆணி. பொங்கலுக்குக் காலண்டர் கொண்டுவந்த அரிசிக்கடைக்காரரைக்கூட அதில் மாட்ட விடாமல் விரட்டியிருந்தாள் பேச்சாயி.

ஜக்கம்மாள் அதைக் கவனிக்கவில்லை. “அப்பாஸு, கார்ல சுத்தியல் இருந்தா எடுத்தா. ஆணி அடிக்கணும்ல?”

பேச்சாயி படத்தை மாட்டி, கோணல் பார்த்து, ஒரு விரலால் நேராக்கினாள்.

“வேணாங்க. ஆணி அடிச்சு நாலு மாசமாச்சு.”