நாலு அங்குலம் கூடுதல்

“சொன்னதைவிட நாலு அங்குலம் உசரமா இருக்கேய்யா!” ஜவுளிக்கடை முதலாளி புதுக் கவுன்ட்டரை டேப் வைத்து அளந்தார்.

“குனியாம துணி பார்க்கலாம் முதலாளி. வர்றவங்க நாலு நிமிஷம் கூடுதலா நிப்பாங்க,” என்றார் தச்சர்.

“வாங்கறவங்க நிக்கட்டும். விக்கிறவ உட்காரக் கூடாது, வியாபாரம் படுத்துடும். உள்ளே நாற்காலி, முக்காலி ஏதாவது பார்த்தேன், அவ்வளவுதான்!” உள்ளே எட்டிப் பார்த்தவர் நிமிர்ந்தார். “இங்கே எதுக்குய்யா கீல்?”

தச்சர் குனிந்து மரத்தூளைத் தட்டினார். “துணி மடிக்கிற பலகைங்க.”

முதலாளி முறைத்துவிட்டு நகர்ந்தார்.

ஒரு வாரம் கழித்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தச்சர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்.

“அந்தப் பொண்ணைப் பாரு,” கல்லாவிலிருந்தே கவுன்ட்டரைக் காட்டினார் முதலாளி. “முன்னெல்லாம் மத்தியானமே கால் வலின்னு மூஞ்சி தொங்கிடும். இப்போ நாள் பூரா நின்னும் சிரிச்ச முகம்! மத்த ரெண்டு கவுன்ட்டரையும் இதே மாதிரி பண்ணிடு. வா, அளந்துக்கலாம்.”

அவர் கல்லாவை விட்டு எழுந்தார். கவுன்ட்டருக்குப் பின்னால் அந்தப் பெண்ணும் எழுந்தாள். அதுவரை உட்கார்ந்திருந்த பலகையைச் சத்தமில்லாமல் உள்ளே மடக்கிவிட்டு, அதைச் செய்து தந்த அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

“சரிங்க முதலாளி,” என்றார் தச்சர்.