கல் சன்னலில் ஒரு கை

ஜெய்சல்மேர் கோட்டைக்குள் மத்தியான வெயில் மஞ்சள் கல்லில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. தீஜ் பண்டிகைக்குத் தங்கை சுகனைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போக வந்த நர்பத், கேவர் மிட்டாய்ப் பெட்டியோடு வாசலில் நிற்கிறான். அவளுடைய மாமனார் சவாய் சிங் பெட்டியை மட்டும் வாங்கிக்கொள்கிறார். "சுகனா? ஜோத்பூருக்குப் போயிருக்கா தம்பி," என்கிறார், வாய் நிறையக் கேவரோடு. மருமகள் போய்விட்டால் வீட்டில் தங்கும் பயணிகளுக்கு யார் சமைப்பது? இது தெருவுக்கே தெரியும்.

மாடிச் சன்னலின் கல் சல்லடைக்குப் பின்னால் நின்று சுகன் எல்லாவற்றையும் கேட்கிறாள். மாமனார் காதில் மருமகள் குரல் விழக்கூடாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து விழுந்ததுமில்லை. "அண்ணா" என்ற சொல் தொண்டை வரை வந்து முக்காட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கீழே நர்பத் செருப்பை மாட்டுகிறான். சல்லடையில் உடைந்த ஓட்டை ஒன்று இருக்கிறது. அதன் வழியே அவள் கையை நீட்டுகிறாள். வளையல்கள் கல்லில் சிக்கிக்கொள்கின்றன. கோட்டை பார்க்க வந்த கூட்டம், "அங்க பாருங்க, என்ன அழகு!" என்று கேமராக்களை உயர்த்துகிறது. நர்பத்தும் அண்ணாந்து பார்க்கிறான். மணிக்கட்டில், திருவிழாவில் அவனே கூட்டிப்போய்ப் பச்சை குத்தவைத்த தேள்.

செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் சம்மணமிட்டு உட்கார்கிறான். "அவசரமில்ல மாமா. ஜோத்பூர்லேருந்து அவ இறங்கி வரட்டும்."

சவாய் சிங் கேவரை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நிற்கிறார். மேலே அந்தக் கை உள்ளே போகவில்லை.