கப்பலுக்கு ஏத்த உடம்பு

“நாக்கை நீட்டுடா. இன்னும் நன்னா நீட்டு. ஐயையோ!”

டாக்டர் ஆனந்தகிருஷ்ணன் போட்ட ‘ஐயையோ’வில் சொரிமுத்து நீட்டிய நாக்கைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டான். சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றுகிற உடம்பு அவனுடையது. காய்ச்சல் என்று ஒருநாள் படுத்தது கிடையாது.

“என்ன சாரே?”

“நோக்குக் கடல்காத்து ஒத்துக்காது. அன்ஃபிட்.”

“அப்படிச் சொல்லாதீங்க சாரே! வெளிநாட்டு மீன்கப்பல்ல வேலை கிடைச்சாத்தான் ஷிஜாவைக் கட்டித் தருவேன்னு அவ அப்பன் ஒத்தக்கால்ல நிக்காரு. நாளைக்கு பிளைட்டு. இப்பப் போயி இப்படிச் சொன்னா நான் என்ன செய்ய?”

“வேற பொண்ணாப் பாரு,” என்று டாக்டர் தாளை நீட்டினார்.

சொரிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே பெஞ்சில் ஏற்கெனவே பத்துப் பேர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுக்கு இதயம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறதாம். இன்னொருவனுக்கு உள்ளங்கால் தட்டையாம். உச்சிமாகாளிக்கு மீன் வாடையே ஆகாதாம். அவனோ பத்து வருஷமாக விழிஞ்ஞத்தில் மீன் கூடை சுமக்கிறவன்!

“எதையோ எதிர்பார்க்காரு மக்கா,” என்றான் உச்சிமாகாளி. “காலைல ஒரு நெய்மீனைக் கொண்டு நீட்டுனேன். ‘இது ஆத்துக்காரிக்குத் தெரிஞ்சா நேக்கே அன்ஃபிட் போட்டுடுவா’ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. மீன் பத்தாது போல.”

அப்போதுதான் ஏஜெண்ட் ஜெயகுமார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

“சாரே, பதினோரு பேருமா? எங்க கப்பல்லயே நாலு வருஷம் டாக்டரா இருந்தவரு, நம்ம ஆளுன்னுதானே உங்ககிட்ட அனுப்புனேன்? ஆள் போகலைன்னா கேப்டன் என்னைத் தொலைச்சிருவான்!”

“அந்த வேலைக்கு நல்ல உடம்பு வேணுமோன்னோ?”

“அதுல என்ன கஷ்டம்? ஏசி ரூம், தினம் சிக்கன், ஆறு மாசத்துக்கு ஒருக்கா லீவு. சொர்க்கமாக்கும்!” பெஞ்சுக்காரர்களுக்கும் கேட்கட்டும் என்று ஜெயகுமார் முழங்கினார்.

“அப்போ ஃபிட்டான உடம்பு எப்படி இருக்கும்னு இவாளுக்குக் காட்டிடலாம். சட்டையைக் கழட்டுங்கோ.”

ஜிம்முக்குப் போகிற கர்வம் ஜெயகுமாருக்கு நிறையவே உண்டு. மூச்சை இழுத்தார், விட்டார், கேட்காமலே இருபது தோப்புக்கரணமும் போட்டார். வாசலில் பதினோரு தலைகள் எட்டிப் பார்த்தன.

“பிரமாதம்! ஃபிட்!” டாக்டர் முத்திரை குத்தினார். தாளை ஃபோனில் படம் எடுத்து எதையோ தட்டினார். “கேப்டனுக்கு அனுப்பியாச்சு. ஆள் குறையறது, ஏஜெண்டே வரார்னு. ‘உடனே அனுப்பு’ங்கறான். நாளைக்குப் பிளைட்டுல நீங்கதான்.”

“என்னது, நானா?”

“போயிட்டு வாங்க அண்ணாச்சி!” உச்சிமாகாளி கை தட்டினான். “ஏசி ரூமுல்லா!”

“தினம் சிக்கனுல்லா!” என்றான் சொரிமுத்து, வயிற்றெரிச்சல் தாங்காமல்.

ஜெயகுமாரின் முகம் வெளுத்துப் போனது.

“சதிச்சிட்டீங்களே சாரே! உங்க காலைப் பிடிக்கேன், எனக்கும் அன்ஃபிட் போடுங்க. அதுல ஏறுனவன் முழுசா இறங்குனது உண்டா? பாஸ்போர்ட்டப் பிடுங்கிப் பூட்டிருவானுக. இருபது மணி நேரம் வேலை, கண் அசந்தா அடி. செத்தா அப்படியே கடல்ல தள்ளிட்டுப் போயிட்டே இருப்பானுக. உங்களுக்குத் தெரியாததா?”

உச்சிமாகாளியின் கைதட்டல் பாதியில் நின்றது.

“தெரியாம என்ன? செத்தவா எல்லாருக்கும் மாரடைப்புன்னு கையெழுத்துப் போட்ட பாவி நான்தானே,” என்றார் டாக்டர். பிறகு வாசல் பக்கம் திரும்பினார். “போன தடவை வந்தவாகிட்ட இதையேதான் நான் சொன்னேன். லஞ்சத்துக்கு அடி போடறேன்னு நினைச்சுண்டு வேற டாக்டர்கிட்ட போய் ஃபிட் வாங்கிண்டு கப்பல் ஏறிட்டா. அதான் இந்தத் தடவை இவன் வாயாலயே சொல்ல வச்சேன். கேப்டனுக்கு நான் ஒண்ணும் அனுப்பலை. உங்கள்ல ஒருத்தனுக்கும் ஒரு வியாதியும் கிடையாது.”

சொரிமுத்து கையிலிருந்த அன்ஃபிட் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நீ ஏன்டா முழிக்கறே? நாளைக்கு ஷிஜாவோட அப்பாவை இங்கே அழைச்சிண்டு வா,” என்றார் டாக்டர். “அவருக்கும் ஒரு ஃபிட் போட்டுடறேன்.”