இரண்டாம் நாள் வலி

“சட்டையைக் கழட்டுடா!”

ஆஸ்பத்திரி அறையில் இன்ஸ்பெக்டர் போட்ட அதட்டலில் வேடியப்பன் அவசரமாகச் சட்டையைக் கழற்றினான்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த எண்பத்தேழாம் வருஷம். முந்தாநாள் இரவு போராட்டக்காரர்கள் சின்னசேலம் சாலையை மறிக்கப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கை, தோள் வலிக்கிறவனையெல்லாம் மரம் வெட்டினவன் என்று போலீஸ் பிடித்துக்கொண்டிருந்தது. கை வலிக்கிறது என்று வாய் திறக்கவே ஆம்பிளைகள் பயந்த சமயம் அது. வேடியப்பன் செய்த குற்றம், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான். இதே மாதிரி ஸ்டேஷனுக்குப் போன பக்கத்து வீட்டு ராசுவைக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள்.

“இன்னா டாக்டரே, இது கோடாலி புடிச்ச வலிதானே? பார்த்துச் சொல்லுங்க.”

பிசியோதெரபி டாக்டர் ஜெயப்பிரகாஷுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அலமாரி மேல்தட்டிலிருந்த பவுடர் டப்பாவைக் கூட வந்திருந்த கான்ஸ்டபிளிடம் எடுத்துத் தரச் சொன்னார். வேடியப்பன் கழுத்தில் பவுடரைத் தூவி அழுத்தினார்.

“அய்யோ! வெரலு வரைக்கும் சுரீர்னு ஓடுதுங்க!”

“இன்னா வேலை செய்யறீங்க?”

“கரும்பு வெட்டறங்க. கட்டு கட்டித் தலையில சொமந்துகினு போய் வண்டியில ஏத்தறங்க.”

டாக்டர் இன்னொரு முறை கழுத்தை அழுத்திப் பார்த்தார். அவர் ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேடியப்பன் கதை முடிந்தது.

“சார், இது நரம்பு வலி. சுமை தூக்கித் தூக்கிக் கழுத்துல நரம்பு நசுங்கிகினு இருக்கு. மரம் வெட்டுன வலி வேற, அது சதை வலி.”

“எப்படி நம்பறது?”

“தெனம் வெட்டற கைக்கு அது வராது சார். பழக்கமில்லாதவன் ஒரே ராத்திரியில ஜாஸ்தியா வெட்டிட்டான்னா, ரெண்டாம் நாள் தோள் கட்டிக்கும். கையைத் தலைக்கு மேல தூக்கவே முடியாது. இவரைத் தூக்கச் சொல்லிப் பாருங்க.”

வேடியப்பன் தூக்கினான். கை நேராக மேலே போனது. இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

“வூட்டுக்குப் போடா.”

வேடியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுகையும் கூடவே வந்தது. “நீங்க நல்லா இருக்கணும் சாமி!” என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி டாக்டரைக் கும்பிட்டான். டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

வாசல்வரை போன இன்ஸ்பெக்டர் நின்றார். திரும்பி, மேஜை மேலிருந்த பவுடர் டப்பாவைப் பார்த்தார். அப்புறம் காலியாயிருந்த மேல்தட்டைப் பார்த்தார்.

“டாக்டரே, நீங்க கொஞ்சம் கையைத் தூக்குங்க, பாப்போம்.”