இரண்டு பலகைகள்

அண்ணனின் தாழ்வான சிவப்புக் கார் வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. நடைபாதை விளிம்பில் அதன் அடிப்பாகம் உரசாமலிருக்க, அம்மாவின் சக்கர நாற்காலிக்காகப் படிகளில் போட்டிருந்த இரண்டு பலகைகளையும் எடுத்து வந்து, முன்சக்கரங்களுக்கு எதிரே சாய்த்திருக்கிறான். கொதிக்கும் தரையில் தங்கை குப்புறப் படுத்து இடைவெளியைப் பார்க்கிறாள். "எவ்வளவு இருக்கு?" என்கிறான் உள்ளிருந்தபடியே. "ரெண்டு விரக்கடை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சுண்ணா." "கீறல் விழுந்துச்சு, தொலைச்சுடுவேன். அவங்களக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு." படிக்கு மேலே அம்மா மருந்துச்சீட்டை மடியில் வைத்துக்கொண்டு பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். தங்கை எழுகிறாள். பலகைகளை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படிகளுக்கு நடக்கிறாள். ஹாரன் விடாமல் அலறுகிறது. "கோச்சுக்கப் போறான்டி," என்கிறாள் அம்மா. "கோச்சுக்கட்டும். நீ காலைத் தூக்கி வச்சுக்கோம்மா," என்று பலகையைப் படியோடு உதைத்துப் பொருத்துகிறாள்.