மேயரின் கையெழுத்து

கம்பிக் கதவில் நகராட்சித் தாள் ஒட்டியிருக்கிறது: மழை, மைதானம் மூடல். வெள்ளிக்கிழமை ஒட்டிய தாள். இன்று ஞாயிறு, இரண்டு நாளாக வெயில் காய்கிறது. விடிந்ததும் வந்து மைதானத்தில் கோடு போட்ட உள்ளூர் அணிக்காரர் கிஸ்லானின் பூட்ஸில் சுண்ணாம்பு வெடித்து நிற்கிறது. நடுவர்ப் பெண் பந்தைக் கீழே போடுகிறாள். அது அவள் மார்புவரை எழும்புகிறது. "பாத்தியாம்மா, கல்லு மாதிரி கெடக்கு!" என்கிறார் கிஸ்லான். "பாத்தேங்கய்யா. மேயர் கையெழுத்து இருக்கே, நான் என்ன பண்ண?" எதிரணிப் பேருந்து திரும்புகிறது. ஜன்னலில் அவர்களுடைய ஒரே கோல்கீப்பர், விரல் முறிந்து கட்டுப்போட்ட கையை உற்சாகமாக ஆட்டுகிறான். ஆட்டம் தள்ளிப்போய் அடுத்த முறை வரும்போது கட்டு இருக்காது. "மூணாவது ஞாயிறா இப்படி மூடிட்டாங்க!" என்று மைதானத்துத் தின்பண்டக் கடைக்குள்ளிருந்து ஒடில் கத்துகிறாள். "இவ்வளவு சாஸேஜையும் யாரு திங்கிறது, மேயரா?" அடுப்பில் கொழுப்பு சீறுகிறது. அவள் தலைக்கு மேலே சட்டமிட்ட படத்தில் இதே ஊரின் ஐம்பத்தேழாம் ஆண்டு அணி, முதல் டிவிஷன்காரர்களைக் கோப்பைப் போட்டியில் கவிழ்த்த அன்று எடுத்தது. பதினொரு பேருக்கும் முழங்கால்வரை சேறு. பதினொரு பேரும் சிரிக்கிறார்கள். கிஸ்லான் பூட்ஸைக் கழற்றிக் கதவில் ஓங்கித் தட்டுகிறார். தூசுதான் பறக்கிறது.