கைபடாத டிரக்

ஒக்லஹோமா பண்ணைக் கொட்டகையில் நின்ற அந்தப் பழைய செவர்லே டிரக்கை, பழைய வண்டிகள் சேகரிக்கும் டாலஸ்காரர் சுற்றிச் சுற்றி வந்தார். உடம்பெல்லாம் துரு, கண்ணாடியில் தூசி, சீட்டுக்கடியில் எலிக்கூடு.

"ஒரு தடவைகூடத் தொடைக்கலையா, விர்ஜில்?"

"மனசு வரலைங்க. எங்கப்பா நிறுத்திட்டுப் போன இடத்துலயே நிக்குது," என்றார் விர்ஜில்.

"நல்லதாப் போச்சு. இந்தத் துருவுக்குத்தான் மதிப்பே. தொடைச்சிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன்."

பேரம்கூடப் பேசாமல் வாங்கி, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார்.

புழுதி அடங்கியதும் விர்ஜில் பின்கட்டுக்குப் போனார். அங்கே பெயிண்ட் சுரண்டிய இன்னொரு டிரக் வெறும் இரும்பாகப் பளபளத்தது. உப்புத்தண்ணீரை வாளியோடு அதன் தலையில் கவிழ்த்தார்.

கையில் வைக்கோலும் பஞ்சுமாக, மனைவி டார்லா வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எலிக்கூடு கட்டியாச்சு, விர்ஜில். இந்தத் தடவை குட்டியும் வேணுமா?"